மாறாநிலை என்கிற கற்பிதம்: ஆலைகள் தொடங்கும் நேரத்தின் வரலாறு

ரசாயன ஆலை ஒன்றின் வரைபடத்தை முதன்முதலில் பார்க்கிறவருக்கு அதிலுள்ள அமைதிதான் கண்ணில் படும். கலன்கள், குழாய்கள், கோபுரங்கள். ஒவ்வொரு கோட்டின் மீதும் ஓர் அம்புக்குறி, ஒவ்வொரு அம்புக்குறிக்கும் ஓர் எண். மணிக்கு இத்தனை டன் உள்ளே வருகிறது, இத்தனை டிகிரி சூட்டில் வெளியே போகிறது. வந்ததையும் போனதையும் கூட்டிப் பார்த்தால் கணக்கு நேராகும். காலம் என்ற ஒன்று அந்தப் படத்தில் கிடையாது. நேற்றும் இன்றும் நாளையும் அதே எண்கள். பொறியாளர்கள் இதற்கு 'ஸ்டெடி ஸ்டேட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இங்கே மாறாநிலை என்று சொல்லிக்கொள்வோம்.

அந்த எண்களில் ஒன்றுகூட பூஜ்யம் அல்ல. ஆனால் எந்த ஆலையும் பூஜ்யத்திலிருந்துதான் தொடங்கியாக வேண்டும். குழாய்களில் காற்று இருக்கும், கலன்கள் காலியாக இருக்கும், உலை குளிர்ந்து கிடக்கும். அங்கிருந்து படத்திலிருக்கும் எண்களுக்குப் போய்ச் சேருகிற சில மணிநேரங்கள் அல்லது சில நாட்களுக்குத்தான் 'ஸ்டார்ட்-அப்' என்று பெயர். ஓர் ஆலையின் ஆயுளில் இதற்குச் செலவாகும் நேரம் மிகச் சொற்பம். பெரிய விபத்துகளின் வரலாற்றில் அது பிடித்துக்கொண்டிருக்கும் இடமோ மிகப் பெரியது. இந்த முரணைத்தான் பேச வேண்டியிருக்கிறது. தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். விபத்து அறிக்கைகளும் பிரதிகள்தாம். யார் எழுவாய், யார் செயப்படுபொருள், எந்த வினை செயப்பாட்டில் வருகிறது என்று பார்ப்பதற்கு ரசாயனம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அதோடு நின்றுவிடவும் முடியாது. இரும்பையும் சூட்டையும் பற்றிக் கொஞ்சமாவது படித்தால்தான் பிரதியில் விடுபட்டது எது என்பதே தெரிகிறது.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ளலாம். பழைய ரசாயனத் தொழிலுக்கு மாறாநிலை என்கிற கற்பிதம் தேவைப்படவில்லை. அண்டாவில் போட்டுக் காய்ச்சுவது, இறக்குவது, மறுபடி போடுவது என்று அது நடந்தது. சாராயம் காய்ச்சுகிறவனும் சோப்பு காய்ச்சுகிறவனும் தினம் தினம் தொடங்கினார்கள், தினம் தினம் முடித்தார்கள். தொடக்கம் என்பது தனியான ஒரு சம்பவமாக இல்லாமல் வேலையின் பாதியாகவே இருந்தது. பெல்ஜியத்தில் எர்னஸ்ட் சோல்வே 1860-களில் சோடா தயாரிக்கக் கோபுரங்களை நிறுத்தி, மேலிருந்து உப்புநீரும் கீழிருந்து வாயுவும் ஓயாமல் ஓடும்படி செய்ததிலிருந்து விஷயம் மாறத் தொடங்கியது. ஓயாமல் ஓடுவதில்தான் லாபம். நிறுத்துவது நஷ்டம். மறுபடி தொடங்குவது அதைவிடப் பெரிய நஷ்டம்.

இந்த மாற்றத்துக்கு ஏற்றபடியே ஒரு கல்வித்துறையும் உருவானது. 1915-ல் ஆர்தர் டி. லிட்டில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.க்கு எழுதிய அறிக்கையில், எந்த ரசாயனத் தொழிலையும் காய்ச்சி வடித்தல், ஆவியாக்குதல், வடிகட்டுதல் போன்ற சில அடிப்படைச் செயல்களாகப் பிரித்துவிடலாம் என்றார். 'யூனிட் ஆபரேஷன்' என்ற பதம் அங்கிருந்து வருகிறது. 1925-ல் மெக்கேபும் தீலேயும் காய்ச்சி வடிக்கும் கோபுரத்தில் எத்தனை தட்டுகள் வேண்டும் என்பதை வரைபடத் தாளில் படிக்கட்டு போட்டுக் கண்டுபிடிக்கும் வழியைத் தந்தார்கள். இன்றும் பொறியியல் மாணவர்கள் அந்தப் படிக்கட்டை ஏறித்தான் தேர்வு எழுதுகிறார்கள். அழகான முறை, சந்தேகமில்லை. ஆனால் அந்தத் தாளில் கோபுரம் எப்போதுமே ஓடிக்கொண்டிருக்கிறது. காலிக் கோபுரத்தை நிரப்புகிறவனுக்கு அதில் ஒரு புள்ளிகூட இல்லை. ஒரு துறை தனக்கு எளிதில் கணக்குப் போட வருகிற நிலையையே இயல்பு என்றும், மற்றதையெல்லாம் இடையூறு என்றும் பெயரிட்டுக்கொள்வது நமக்குப் புதிதல்ல. மொழியியலிலும் பார்த்திருக்கிறோம், இலக்கணத்திலும் பார்த்திருக்கிறோம்.

தொடக்கத்தைப் பற்றி யாருமே யோசிக்கவில்லை என்றால் அது பொய். முதல் உலகப்போர் நடந்த காலத்தில் வெடிமருந்துக்கு நைட்ரிக் அமிலம் டன் டன்னாகத் தேவைப்பட்டது. அமோனியாவையும் காற்றையும் சூடான பிளாட்டினக் கம்பிவலை வழியாகச் செலுத்தி அதைத் தயாரித்தார்கள். வலை சூடாக இருந்தால் வினை நடக்கும். வினை நடந்தால் சூடு பிறக்கும், அந்தச் சூடே வலையைச் சூடாக வைத்திருக்கும். ஆனால் வலை குளிர்ந்திருந்தால் ஒன்றும் நடக்காது. 1918-ல் லில்யன்ரோத் என்பவர் ஓர் அமெரிக்க இதழில் இதைப்பற்றி ஒரு கட்டுரை எழுதினார். தலைப்பிலேயே தொடங்குதலும் நிலைத்தன்மையும் சேர்ந்து வருகின்றன. வினையில் பிறக்கும் சூட்டை ஒரு வளைகோடாகவும், வெளியேறும் சூட்டை ஒரு நேர்கோடாகவும் வரைந்தால் இரண்டும் மூன்று இடங்களில் வெட்டிக்கொள்ளலாம் என்று காட்டினார்.

ஈர விறகு வைத்து அடுப்பு மூட்டியவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். அணைந்து கிடக்கும் அடுப்பு ஒரு நிலை, திகுதிகுவென்று எரியும் அடுப்பு இன்னொரு நிலை. இரண்டுமே அதனதன் போக்கில் நிற்கும். நடுவில் ஒரு நிலை இருக்கிறது. புகை மண்டுகிறது, ஓரத்தில் கனல் தெரிகிறது, ஊதுகுழலை எடுத்தால் அணைகிறது, விடாமல் ஊதினால் குப்பென்று பற்றுகிறது. அந்த நடுநிலை தானாக நிற்காது. யாராவது பக்கத்தில் உட்கார்ந்து கண் எரிய ஊதிக்கொண்டிருக்க வேண்டும். ஓர் ஆலையைத் தொடங்குவது என்றால் இந்த நடுவிடத்தைக் கடப்பது. முன்னதிலிருந்து பின்னதுக்குச் சரிவான பாதை கிடையாது, தாவல்தான் உண்டு.

லில்யன்ரோத்தின் கட்டுரையைப் பிறகு வெகுகாலம் யாரும் சீண்டவில்லை. 1953-ல் வான் ஹீர்டன், தன் சூட்டிலேயே தான் நடக்கும் வினைகளைப் பற்றி எழுதியபோது அதே மூன்று புள்ளிகள் திரும்பி வந்தன. 1955-ல் பிலூஸும் மினசோட்டாவின் ஆமண்ட்சனும் அதை நிலைத்தன்மைக் கணிதமாக வளர்த்தெடுத்தார்கள். முப்பத்தைந்து ஆண்டு இடைவெளி! இதற்குள் உலகமெங்கும் அமோனியா ஆலைகள் எழுந்துவிட்டன. 1913-ல் ஜெர்மனியின் ஒப்பாவில் ஹேபர்-பாஷ் முறையில் முதல் அமோனியா ஆலை ஓடத் தொடங்கியதிலிருந்தே பிரச்சினை இருந்தது. வெளியே போகும் சூடான வாயு உள்ளே வரும் குளிர்ந்த வாயுவைச் சூடாக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது அது சிக்கனம். ஆனால் முதல் நாள் வெளியே போக எதுவும் இல்லையே? தன்னைத் தானே நடத்திக்கொள்ளும் ஆலை, தன்னைத் தானே தொடங்கிக்கொள்ளாது. வெளியிலிருந்து சூடு கொடுத்தாக வேண்டும். அதைச் செய்தவர்களுக்கு மூன்று புள்ளிகளின் கணிதம் தெரியாது, ஆனால் கைக்குத் தெரிந்திருந்தது. கணிதம் வருவதற்கு முன்பே கை அந்தத் தாவலைத் தாண்டிக்கொண்டிருந்தது என்பதை எந்தப் பாடநூலும் வரலாறாக எழுதவில்லை.

1960-களுக்குப் பிறகு நடந்தது இதைவிட முக்கியமானது. 1963-ல் டெக்சாஸ் சிட்டி என்ற ஊரில் அமெரிக்கன் ஆயில் கம்பெனிக்காக கெல்லாக் நிறுவனம் ஒரே வினைகலனில் தினம் 500 டன்னுக்கு மேல் அமோனியா தரும் ஆலையைக் கட்டியது. அதுவரை சிறுசிறு வரிசைகளாக நின்றவை ஒற்றை வரிசையாயின. வினையில் பிறக்கும் சூட்டில் நீராவி, நீராவியில் கம்ப்ரஸர், கம்ப்ரஸரில் வாயு, வாயுவில் வினை. வட்டம் முடிந்தது. (இந்தக் கம்பெனிதான் பிறகு அமோகோ. நம் மணலியில் இருக்கிற மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸை 1966-ல் மத்திய அரசு கூட்டுச் சேர்ந்து தொடங்கியது இதே குடும்பத்தோடுதான்.) 1973-ல் எண்ணெய் விலை ஏறியதும் சூட்டை வீணாக்காமல் கலத்துக்குக் கலம் மாற்றிக்கொடுப்பது தனி விஞ்ஞானமாகியது. 70-களின் கடைசியில் லின்ஹாஃபும் மற்றவர்களும் இதற்கு முறையான கணக்கையே கொடுத்தார்கள். நடுவில் சரக்கைப் பிடித்து வைக்கும் டேங்குகள் தேவையில்லாத செலவாகத் தெரிந்தன. எடுத்துவிட்டார்கள்.

ஒவ்வொன்றும் தனித்தனியாக நியாயமே. எரிபொருள் மிச்சம், இடம் மிச்சம், ஆபத்தான திரவத்தின் இருப்பும் குறைவு. ஆனால் ஒவ்வொரு மிச்சமும் ஒரு கலத்தை இன்னொன்றோடு கட்டிப்போடுகிறது. ஒன்று தள்ளாடினால் எல்லாம் தள்ளாடும். சார்லஸ் பெரோ 1984-ல் 'நார்மல் ஆக்சிடெண்ட்ஸ்' என்ற நூலில் இறுக்கமான பிணைப்பு என்று பேசியது இதைத்தான். அவர் சொல்லாமல் விட்டதாக எனக்குப் படுவது ஒன்று உண்டு. ஓடும்போது கிடைக்கும் மிச்சம் கணக்குப் புத்தகத்துக்குப் போகிறது. தொடங்கும்போது வரும் தள்ளாட்டம் ஷிப்டில் இருப்பவன் உடம்புக்குப் போகிறது.

இங்கிலாந்தின் ஃபிளிக்ஸ்பரோ விபத்தை இந்தக் கோணத்தில் மறுபடி வாசிக்கலாம். நைலானுக்கான காப்ரோலாக்டம் தயாரிக்கும் ஆலை. வரிசையாக ஆறு வினைகலன்கள். 1974 மார்ச் 27-ல் ஐந்தாவதில் வெடிப்பு கண்டார்கள். அதைக் கழற்றிவிட்டு நான்குக்கும் ஆறுக்கும் இடையே 20 அங்குலக் குழாய் ஒன்றை வளைத்து மாட்டினார்கள். படம் வரைந்தது பட்டறைத் தரையில், சாக்பீஸில். ஜூன் 1 மாலை அந்தக் குழாய் பிய்த்துக்கொண்டது. 28 பேர் இறந்தார்கள், அவர்களில் 18 பேர் கட்டுப்பாட்டு அறையில். சாக்பீஸ் படம் எல்லோருக்கும் தெரிந்த கதை. குறைவாகப் பேசப்படுவது, அன்று அந்த ஆலை தொடங்கிக்கொண்டிருந்தது என்பது. கசிவு காரணமாக மே 29-ல் நிறுத்தி, மறுபடி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அழுத்தம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் ஏறியது. வெளியேற்றிவிட்டால் சரியாகிவிடும். ஆனால் வெளியேற்றினால் நைட்ரஜனும் சேர்ந்து போகும், கையிருப்பு நைட்ரஜன் குறைவு, புதிதாக வர நள்ளிரவாகும். வால்வைத் திறக்கத் தயங்குகிற ஒரு கையை இங்கே பார்க்கிறோம். தயக்கம் அவனுடையதா, நைட்ரஜன் டேங்கின் அளவை நிர்ணயித்தவர்களுடையதா?

இனி டெக்சாஸ் சிட்டி. அமோகோவின் சுத்திகரிப்பு ஆலை 1998 இறுதியில் நடந்த இணைப்பில் பி.பி. கைக்குப் போனது. 2005 மார்ச் 23 மதியம் 1.20 மணிக்கு அங்கே வெடித்ததில் 15 பேர் இறந்தார்கள், 180 பேர் காயமடைந்தார்கள். அமெரிக்க ரசாயனப் பாதுகாப்பு வாரியம் 2007 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை நூற்றுக்கணக்கான பக்கங்கள். ஆலை தொடங்கும் நேரத்தைப் பற்றி இவ்வளவு விரிவாகப் பேசும் வேறொரு பிரதியை நான் பார்த்ததில்லை.

பெட்ரோலுக்கான ஹைட்ரோகார்பன் கலவையை லேசானது, கனமானது என்று பிரிக்கும் கோபுரம். 170 அடி உயரம். ஒரு மாதப் பராமரிப்பு வேலை முடிந்து தொடங்குகிறார்கள். இரவு ஷிப்ட் அடியில் கொஞ்சம் திரவம் நிரப்பிவிட்டு நிறுத்துகிறது. பகல் ஷிப்ட் 10 மணி வாக்கில் மறுபடி திரவத்தை விடுகிறது, உலையை மூட்டுகிறது. மூன்று மணிநேரத்துக்கு மேல் திரவம் உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது, வெளியே எதுவும் போகவில்லை. எப்படிக் கவனிக்காமல் விட்டார்கள்? இதுதான் எல்லோரும் கேட்கிற கேள்வி, மே மாதத்தில் பி.பி. வெளியிட்ட இடைக்கால அறிக்கையும் அங்கேதான் நின்றது: நடைமுறையை மீறினார்கள், ஒழுங்கு நடவடிக்கை.

கேள்வியைத் திருப்பிப் போடுவோம். கவனிக்க அவர்களுக்கு என்ன கொடுக்கப்பட்டிருந்தது? 170 அடிக் கோபுரத்தில் மட்டத்தை அளக்கும் கருவி அடியிலுள்ள சுமார் 9 அடியை மட்டுமே அளந்தது. அதற்குமேல் அது குருடு. ஏன் 9 அடி? ஓடும்போது மட்டம் அங்கேதான் நிற்கும் என்று வரைபடம் சொல்கிறது. மாறாநிலைக்கு அந்த 9 அடி தாராளம். அதுவும் பழைய தரவுத்தாளை வைத்து அளவு சரிசெய்யப்பட்ட கருவி. மதியம் 1.04-க்கு அது 7.9 அடி என்று காட்டியது, அதுவும் இறங்கிக்கொண்டிருப்பதாக. உண்மையில் திரவம் 158 அடியில் நின்றது. கண்ணாடிக் குழாய் வழியாக நேரில் பார்க்கலாம் என்றால் அது அழுக்கேறிக் கிடந்தது. உயர்மட்ட எச்சரிக்கை ஒன்று ஒலித்து ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்டது, இன்னொன்று ஒலிக்கவே இல்லை. கம்ப்யூட்டரில் உள்ளே வரும் அளவு ஒரு திரையில், வெளியே போகும் அளவு வேறொரு திரையில். இரண்டையும் கழித்துப் பார்த்தால் குழந்தைக்கும் புரியும். கழித்துப் பார்க்கும்படியாகத் திரை அமைக்கப்படவில்லை.

இப்போது பிரதிக்கு வருவோம். நடைமுறைக் கையேடு கருவி 50 சதவீதம் காட்டும்வரை நிரப்பு என்றது. தொழிலாளர்கள் 99 வரை நிரப்பினார்கள். இது மீறலா? எந்தச் சுவடியைப் பதிப்பிக்கிறவருக்கும் தெரியும்: ஒரே பாடபேதம் பல ஏடுகளில் திரும்பத் திரும்ப வந்தால் அது எழுதியவன் கைதவறியதாக இருக்க முடியாது. முந்தைய ஐந்தாண்டுகளின் தொடக்கங்களை வாரியம் எடுத்துப் பார்த்தபோது பெரும்பாலானவற்றில் இதே பாடம்தான். காரணமும் இருந்தது. தொடங்கும்போது மட்டம் ஏறி இறங்கும். ஒரேயடியாக இறங்கி அடி காலியானால் உலைக் குழாய்களுக்குப் போகும் திரவம் நின்று அவை கெட்டுவிடும், எல்லாவற்றையும் நிறுத்த வேண்டிவரும். ஆகவே கூடவே வைத்துக்கொள் என்று கை கற்றுக்கொண்டது. கையேட்டை எழுதியவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். பாடபேதத்தைக் குறித்துவைக்கவும் இல்லை, மூலத்தைத் திருத்தவும் இல்லை. ஒன்றும் நடக்காதவரை அது அனுபவம், நடந்துவிட்டால் மீறல்.

அன்றைய ஆட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கட்டுப்பாட்டுப் பலகையில் இருந்தவர் 29 நாட்களாக விடுப்பில்லாமல், தினம் 12 மணிநேரம் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பொறுப்பில் மூன்று அலகுகள். முன்பு இந்தப் பலகைக்கு இரண்டு பேர். 1999-ல் 25 சதவீதச் செலவுக் குறைப்பு என்று இலக்கு வைத்தபோது ஒருவராக்கினார்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஆலைக்கு ஒருவர் போதும்தான், அதுவும் மாறாநிலைக் கணக்கு. இரவு ஷிப்ட் விட்டுச்சென்ற குறிப்பு ஒற்றை வரி: நிரப்புவதற்காகக் கொஞ்சம் உள்ளே விட்டிருக்கிறது என்ற அளவில். எவ்வளவு, எங்கெங்கே, அடுத்து என்ன என்பது இல்லை. தொடக்கத்தை மேற்பார்வை பார்க்க இருந்தவர் வீட்டில் ஒரு மருத்துவ அவசரம் என்று 10.47-க்குக் கிளம்பிப் போனார். பதிலுக்கு யாரும் வரவில்லை.

கடைசியில் என்ன நடந்தது என்பதில்தான் இந்த வரலாற்றின் இழைகள் ஒன்றுசேர்கின்றன. அழுத்தம் ஏறியதைக் கண்டு, வெளியேறும் வால்வை ஒருவழியாகத் திறந்தார்கள். சரியான காரியம். ஆனால் அடியிலிருந்து வெளியேறும் சூடான திரவம், உள்ளே வரும் திரவத்தைச் சூடாக்கும் வெப்பப் பரிமாற்றி வழியாகத்தான் போக வேண்டும். சிக்கனம்! கழுத்துவரை நிரம்பிய கோபுரத்துக்குள் இப்போது திடீரென்று சூடேறிய திரவம் வந்து சேர்ந்தது. உள்ளே கொதித்துப் பொங்கி, உச்சியிலிருந்த குழாயில் வழிந்தது. பால் பொங்குகிற மாதிரிதான். பாதுகாப்பு வால்வுகள் திறந்து ஆறு நிமிடம் திரவத்தைத் தள்ளின. அது போய்ச் சேர்ந்த டிரம்மில் எரிகோபுரம் கிடையாது, 113 அடிப் புகைபோக்கி நேரே ஆகாயத்தைப் பார்த்துத் திறந்திருந்தது. இப்படிப்பட்ட டிரம்மைப் புதிதாகக் கட்டக் கூடாது என்று அமோகோ 1977-லேயே தன் விதியில் எழுதிவைத்திருந்தது. 1997-ல் பழையதை மாற்றியபோது அதே மாதிரி இன்னொன்றை வைத்தார்கள். புதியது அல்ல, மாற்றுதான் என்று வாதிடலாம் போலிருக்கிறது. புகைபோக்கி வழியாகத் திரவம் ஊற்றாகப் பீறிட்டது. பக்கத்தில் இன்ஜினை அணைக்காமல் நின்ற டீசல் வண்டி ஒன்று தீ வைத்தது.

இறந்த 15 பேரும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். இந்தக் கோபுரத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமே கிடையாது. பக்கத்து அலகின் பராமரிப்பு வேலைக்கு வந்தவர்கள், அருகே நிறுத்திவைக்கப்பட்ட தற்காலிக டிரெய்லர் அறைகளில் இருந்தார்கள். காயமில்லாமல் ஒரு மாதம் வேலை நடந்ததைக் கொண்டாடும் மதிய விருந்து முடிந்து திரும்பியிருந்தார்கள். அலகு தொடங்குகிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

இதை முதலாளித்துவத்தின் லாபவெறி என்று ஒரு வரியில் முடித்துவிடத் தோழர்களுக்குக் கை துறுதுறுக்கும். எனக்கும்தான். ஆனால் செர்னோபில் குறுக்கே நிற்கிறது. அந்த உலை குறைந்த திறனில் நிலையற்றது, நீர் ஆவியானால் வினை கூடும்படியான அமைப்பு. முழுத்திறனில் ஓடும்போது இது பெரிதாகத் தலைகாட்டாது. 1986 ஏப்ரல் 25-ல் பகலில் செய்ய வேண்டிய சோதனையை மின்சாரம் வேண்டும் என்று கீவ் மின்கட்டுப்பாட்டு மையம் தள்ளிப்போட, அதற்குத் தயாராகாத இரவு ஷிப்டின் தலையில் வந்து விழுந்தது. சர்வதேச அணுசக்தி முகமையின் குழு 1986-ல் வெளியிட்ட முதல் அறிக்கை இயக்கியவர்களைக் குற்றம் சாட்டியது. அதே குழு 1992-ல் வெளியிட்ட இரண்டாவது அறிக்கை உலையின் வடிவமைப்பை நோக்கி விரலைத் திருப்பியது. இடையில் ஆறு வருடம், 1987-ல் நடந்த விசாரணை, சிறைத்தண்டனைகள். டெய்லரின் முறைகளைச் சோவியத் தொழிலாளிகள் கற்றுக்கொள்ள வேண்டும் என்று 1918-ல் லெனின் எழுதியதிலிருந்தே, இயந்திரம் யார் கையில் இருக்கிறது என்று கேட்டோமே தவிர, இயந்திரத்துக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவில்லை. உற்பத்தி சக்திகள் அப்பாவிகள், உற்பத்தி உறவுகள்தான் குற்றவாளி என்ற இந்த ஏற்பாடு நம் தொழிற்சங்கங்களுக்கு மிக வசதியாக இருந்துவந்திருக்கிறது. கூலிக்கும் நேரத்துக்கும் போராடினோம். அளவுகருவி எத்தனை அடி அளக்கும் என்பது பேச்சுவார்த்தை மேஜைக்கு வரவேயில்லை.

வந்திருக்கலாம், ஏனென்றால் எப்படி வடிவமைத்தால் ஓர் ஆலை நிதானமாகத் தொடங்கும் என்பது ரகசியம் அல்ல. கோபுரத்தின் உச்சியில் குளிரவைத்ததையெல்லாம் உள்ளேயே திருப்பிவிட்டு, எதையும் வெளியே எடுக்காமல் தன்னைத் தானே சுற்றிக்கொண்டிருக்க விடலாம். நிதானத்துக்கு வந்தபின் சரக்கை எடுக்கலாம். பரிமாற்றியைச் சுற்றி ஒரு குறுக்குக் குழாய், தொடங்குவதற்கென்றே தனி உலை, ஒரு கலத்தின் தள்ளாட்டம் அடுத்ததைத் தொடாமல் தாங்கிக்கொள்ள நடுவில் ஒரு டேங்க், அடியிலிருந்து உச்சிவரை அளக்கும் கருவி. இவையெல்லாம் செய்வது ஒன்றைத்தான்: நின்று யோசிக்க நேரம் கொடுப்பது. தானியங்கிக் காப்புகளும் சிக்கலானவை. ஓட்டம் குறைந்தால் ஆலையை நிறுத்து என்று ஒரு காப்பு இருந்தால், தொடங்கும்போது ஓட்டம் எப்படியும் குறைவுதானே, ஆலை தொடங்கவே தொடங்காது. அதனால் அந்த நேரத்துக்கு அதை விலக்கிவைப்பார்கள். காப்பு மிக வேண்டிய நேரத்தில் காப்பு இல்லை. தொடக்கத்துக்கென்று தனிக் காப்பு எழுத முடியும், எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் மூன்று வருடத்தில் மூன்று நாள் மட்டும் பயன்படும் குழாய் சும்மா கிடக்கும் மூலதனம். செலவு குறைக்கும் கூட்டத்தில் முதலில் அடிபடுவது அதுதான். அது செய்யவேண்டிய வேலையை 29-ஆவது நாள் ஷிப்டில் இருப்பவரின் கண்ணும் காதும் செய்யும் என்று யாரும் எழுதிவைப்பதில்லை. எழுதாமலே அது நிறைவேறிவிடுகிறது.

2020 மே 7 விடியற்காலையில், பொதுமுடக்கத்தால் வாரக்கணக்கில் நின்றிருந்து மறுபடி தொடங்கத் தயாராகிக்கொண்டிருந்த விசாகப்பட்டினத்து எல்.ஜி. பாலிமர்ஸில் ஸ்டைரீன் டேங்க் தன் சூட்டிலேயே கொதித்து ஆவியைக் கக்கியது. 12 பேர் இறந்தார்கள், ஆர்.ஆர். வெங்கடாபுரம் கிராமம் தூக்கத்தில் இருந்தது. டேங்கின் வெப்பநிலையை அடியில் மட்டுமே அளந்தார்கள், சூடேறியது மேலே. அந்த வாசகத்தை ஆந்திர அரசின் குழு அறிக்கையில் படித்தபோது 170 அடிக் கோபுரமும் 9 அடிக் கருவியும்தான் எனக்கு நினைவுக்கு வந்தன.

அதற்கு இரண்டு நாள் கழித்து, மே 9 அன்று, தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் ஆலைகளை மறுபடி தொடங்குவதற்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. முதல் வாரத்தைச் சோதனை ஓட்டமாகக் கருதுங்கள், பெரிய உற்பத்தி இலக்குகளை எட்ட முயலாதீர்கள் என்று அதில் இருந்தது. விசாகப்பட்டினத்தில் கசிந்த அதே மே 7 அன்று நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்திலும் ஒரு பாய்லர் வெடித்திருந்தது. ஜூலை 1 காலை அதே நிலையத்தின் ஐந்தாவது அலகில் இன்னொன்று. ஆறு பேர் அங்கேயே இறந்தார்கள், மேலும் சிலர் அடுத்த நாட்களில் மருத்துவமனையில். ஒப்பந்தத் தொழிலாளர்களும் அவர்களில் இருந்தார்கள். பாய்லர் அப்போது இயக்கத்தில் இல்லை என்று செய்திகளில் வந்தது. நின்றிருந்த அலகை மறுபடி இயக்கத்துக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தார்கள்.